எடுத்துவிடு, இல்லாவிட்டால் நிறுத்திவிடு

மாதவிலக்கு நின்று இரண்டு மூன்று வருடம் ஆன ஒரு பெண். உடம்பு குப்பென்று எரிந்து வேர்க்கிறது, ராத்திரி தூக்கம் இல்லை என்று ஹார்மோன் மருந்து எடுத்துக்கொள்கிறார். எரிச்சல் அடங்கிவிட்டது. ஒருநாள் காலையில் திடீரென்று ரத்தக்கறை. மந்தைவெளி, மயிலாப்பூர் வட்டாரத்தில் அவருக்குக் கிடைக்கும் யோசனைகள் இரண்டுதான். "பிள்ளைதான் பெத்தாச்சே, இனிமே கர்ப்பப்பை எதுக்கு, எடுத்துடுங்க" என்பது ஒன்று. "அந்த ஹார்மோனை முதல்ல நிறுத்துங்க, வயசானா எரியத்தான் எரியும்" என்பது மற்றது. முதலாவது பெரும்பாலும் நர்சிங் ஹோமில் கிடைக்கும். இரண்டாவதைச் சொல்ல நாத்தனார், மாமியார், எதிர்வீட்டு மாமி, குடும்ப டாக்டர் என்று ஒரு வரிசையே உண்டு.

கேட்பதற்கு இவை ஒன்றுக்கொன்று எதிரான யோசனைகள். ஆனால் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான். ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்கு நிவாரணமும் வேண்டும், உறுப்பும் வேண்டும் என்றால் அது கொஞ்சம் அதிகப்படியாம். ரத்தம் வந்துவிட்டதா, இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்துவிடு. எதற்காக விட வேண்டும் என்று கேட்டால் இரு தரப்பிடமும் நேரான பதில் இல்லை. மூன்றாவதாக ஒரு வழி முப்பது வருடத்துக்கும் மேலாக இருந்துவருகிறது. கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் காயில்தான் அது. பின்லாந்தைச் சேர்ந்த தாபானி லூக்காய்னென் உருவாக்கிய இந்தச் சாதனம் 1990-ல் அந்த நாட்டில் விற்பனைக்கு வந்தது. மிரெனா என்ற பெயர் பலர் காதில் விழுந்திருக்கும். திருவனந்தபுரத்திலுள்ள அரசு நிறுவனமான எச்.எல்.எல். இதையே எமிலி என்ற பெயரில் தருகிறது. சென்னையில் கிடைக்காத பொருள் அல்ல. கேட்கத் தோன்றாத பொருள்.

காயிலுக்கு வாதாடுவதால் ரத்தப்போக்கை லேசாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மாதவிலக்கு நின்றபின் வரும் ரத்தம் ஒரு சொட்டானாலும் டாக்டரிடம் போயாக வேண்டும். உலகெங்கும் வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வெளியான ஒரு கட்டுரை, இப்படி ரத்தம் கண்ட பெண்களில் சுமார் 9 சதவீதம் பேருக்குக் கர்ப்பப்பை உட்சவ்வில் புற்றுநோய் இருந்ததாகச் சொல்கிறது. ஹார்மோன் மருந்து எடுப்பவர்களிடம் இந்த விகிதம் குறைவு; ஆனால் பூஜ்யம் அல்ல. திருப்பிப் பார்த்தால், அந்தப் புற்றுநோய் வந்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு ரத்தப்போக்கு இருந்தது. உடம்பு இவ்வளவு தெளிவாக முன்கூட்டியே சொல்லிவிடும் புற்றுநோய்கள் குறைவு. எனவே முதலில் உள்வழி ஸ்கேன். உட்சவ்வின் தடிமன் 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால், அல்லது ரத்தம் திரும்பத் திரும்ப வந்தால், கர்ப்பப்பைக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் ஹிஸ்டரோஸ்கோப்பியும் பயாப்ஸியும். காரணம் தெரியாத ரத்தப்போக்கை வைத்துக்கொண்டு காயிலுக்கு அவசரப்படக் கூடாது. பயாப்ஸியில் இயல்பு மாறிய அணுக்கள் தெரிந்தால் கர்ப்பப்பையை எடுப்பதுதான் சரி; அங்கே எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

என் சண்டை அதற்கு அப்பால் இருப்பதைப் பற்றியது. பத்தில் ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இல்லை என்று வந்துவிடுகிறது. "ஒண்ணும் இல்லை" என்று எழுதிய ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே "எதற்கும் எடுத்துடலாம்" என்கிறார்களே, அந்த 'எதற்கும்' என்பதைத்தான் நான் மறுக்கிறேன்.

ரத்தம் ஏன் வருகிறது என்பதைப் பார்த்தால் இந்த அவசரம் எவ்வளவு பொருந்தாதது என்று தெரியும். ஈஸ்ட்ரோஜன் உட்சவ்வை வளர்க்கும். இயற்கையில் அதைக் கட்டுக்குள் வைப்பது புரோஜெஸ்டரோன். ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா பட்டுத் தெரிந்துகொண்டது. அங்கே 1942 முதல் பிரெமரின் மாத்திரை விற்றது. 1960-களில் என்றும் இளமை என்ற விளம்பரத்தோடு லட்சக்கணக்கானவர்கள் அதை விழுங்கினார்கள். 1975-ல் ஒரே மருத்துவ இதழில் வந்த இரண்டு கட்டுரைகள், அதனால் கர்ப்பப்பைப் புற்றுநோய் பல மடங்கு கூடுவதைக் காட்டின. பிறகு 1990-களில் நடந்த பெப்பி என்ற ஆய்வில், தனி ஈஸ்ட்ரோஜன் எடுத்தவர்களில் 62 சதவீதம் பேருக்கு மூன்றே வருடத்தில் உட்சவ்வு மிகைவளர்ச்சி கண்டது. ஆகவே கர்ப்பப்பை உள்ள பெண்ணுக்கு இந்த ஹார்மோன் சிகிச்சை, அதாவது எச்.ஆர்.டி., என்றால் ஈஸ்ட்ரோஜனோடு இன்னொரு காவல் மருந்தும் கட்டாயம். அந்தக் காவல் குறையும்போது, அல்லது விட்டு விட்டு இருக்கும்போது, உட்சவ்வு நிலைகொள்ளாமல் உதிர்கிறது. எச்.ஆர்.டி. எடுப்பவர்களுக்கு வரும் ரத்தத்தில் பெரும்பகுதி இதுதான். அளவும் வழியும் சரியில்லாததால் வருகிற கோளாறு.

காவல் ஏன் குறைகிறது என்பதற்கு எந்தப் பாடப்புத்தகமும் தேவையில்லை. ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணின் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தால் போதும். பிரஷருக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, தைராய்டுக்கு வெறும் வயிற்றில் ஒன்று, கால்சியம் ஒன்று. இதில் கையில் தடவும் ஈஸ்ட்ரோஜன் ஜெல்லை அவர் மறக்கவே மாட்டார், ஏனென்றால் ஒருநாள் விட்டாலும் எரிச்சல் ஞாபகப்படுத்திவிடும். ராத்திரி போட வேண்டிய புரோஜெஸ்டரோன் கேப்சூலோ அசத்துகிறது, தலை கிறுகிறுக்கிறது, போட்டாலும் எந்த சுகமும் தெரிவதில்லை. பேரன் வந்திருக்கிறான், ஊருக்குப் போகிறோம், ஏகாதசி என்று முதலில் விடுபடுவது அதுதான். விடுபடுவது எதுவோ அதுதான் அவரைக் காப்பாற்றும் மருந்து என்பது இந்தச் சிகிச்சையின் ஆதார பலவீனம்.

காயில் இந்த பலவீனத்தை அடியோடு நீக்குகிறது. ஆங்கில எழுத்து 'டி' வடிவத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் சட்டம். அதன் தண்டில் புரோஜெஸ்டரோன் வேலையைச் செய்யும் லெவோநார்ஜெஸ்ட்ரல் 52 மில்லிகிராம். தொடக்கத்தில் நாளொன்றுக்குச் சுமார் 20 மைக்ரோகிராம் வீதம் கசிகிறது, போகப்போகக் குறைகிறது. சில மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு சவ்வைக் காக்க வாய்வழியே போட்டு வயிறு, கல்லீரல், மூளை என்று உடம்பு முழுவதையும் சுற்றிவரச் செய்வதற்குப் பதில், மருந்தை அந்தச் சவ்வின் மேலேயே வைக்கிறார்கள். சவ்வு மெலிந்து அடங்குகிறது. மூன்று முதல் ஆறு மாதத்தில் பெரும்பாலோருக்கு ரத்தம் நின்றுவிடுகிறது. எச்.ஆர்.டி.யின் காவல் பாதியாக இதை வைக்கலாம் என்பதை ஸ்காண்டிநேவிய டாக்டர்கள் 1992-லேயே ஆய்வு நடத்தி எழுதிவிட்டார்கள். பிரிட்டனில் எச்.ஆர்.டி.க்கென்றே இதற்கு உரிமம் இருக்கிறது. எச்.ஆர்.டி.யில் வரும் எதிர்பாராத ரத்தப்போக்கைப் பற்றி 2024-ல் பிரிட்டிஷ் மெனோபாஸ் சொசைட்டி மற்ற அமைப்புகளோடு சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலிலும், மருந்தின் அளவை மாற்றிப் பார்ப்பதோடு இந்தக் காயிலை வைக்கும் யோசனையும் இடம்பெற்றிருக்கிறது. அமெரிக்காவில் இந்த உபயோகத்துக்குத் தனி அனுமதி கிடையாது. அதனால் லண்டனில் இருக்கும் பெண்ணும் நியூஜெர்சியில் இருக்கும் மருமகளும் மந்தைவெளி அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் இருவேறு விஷயம் சொல்வார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை.

இனி எதிர்ப்புகளுக்கு வருகிறேன். எளிதானதை முதலில் முடித்துவிடலாம். "எனக்குத்தான் எப்பவோ குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆயாச்சே, காப்பர்-டி எதுக்கு?" நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கு மேல் அந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். அவர்களுக்குக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் எதுவும் கருத்தடைச் சாதனம்தான். கூடவே ஒரு பழைய கசப்பும் உண்டு. 1965-ல் அரசாங்கம் 'லூப்' திட்டத்தைக் கொண்டுவந்தபோது, வைத்துக்கொண்ட பல பெண்களுக்கு ரத்தப்போக்கு, இடுப்புவலி. ஊர் ஊராகப் பரவிய கதைகள். இன்று அறுபது எழுபது வயதில் இருப்பவர்கள் அந்தக் கதைகளைத் தங்கள் அம்மாக்களிடமிருந்து கேட்டவர்கள். லூப்பும் அதன்பின் வந்த காப்பர்-டியும் ரத்தப்போக்கைக் கூட்டக்கூடியவை என்பது உண்மை. ஹார்மோன் காயில் அதற்கு நேர்மாறாக, அதைக் குறைப்பது. வடிவம் ஒன்றாக இருப்பதால் வேலையும் ஒன்று என்று ஒரு தலைமுறையே எண்ணிக்கொண்டிருக்கிறது. திருத்த வேண்டிய டாக்டர்களும் திருத்த மெனக்கெடுவதில்லை.

"ஹார்மோன் என்றாலே கேன்சர்" என்பது இதைவிட ஆழமான பயம். இதை நான் கேலி செய்ய மாட்டேன். திரு.வி.க. பாலம் தாண்டினால் அடையாறு புற்றுநோய் நிலையம். 1954-ல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கியது. இந்த வட்டாரத்தில் அதன் வராந்தாவில் யாருக்காகவாவது காத்திருக்காத குடும்பம் குறைவு. மார்பகப் புற்றுநோய் மற்ற ஊர்களைவிட அதிகமாகக் காணும் நகரங்களில் சென்னையும் ஒன்று. ஆனால் பயத்துக்கும் ஒரு கணக்கு வேண்டும். எச்.ஆர்.டி. பற்றி அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு 2002 ஜூலையில் பாதியில் நிறுத்தப்பட்டதிலிருந்துதான் இந்தப் பேச்சு. அதில் கலந்துகொண்ட பெண்களின் சராசரி வயது 63. அவர்களுக்குக் கொடுத்தது குதிரைச் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனும் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டரோனும் சேர்ந்த மாத்திரை. கூடுதலாக வந்த மார்பகப் புற்றுநோய் வருடத்துக்குப் பத்தாயிரம் பேரில் 8. எட்டு என்பது சின்ன விஷயம் என்று சொல்லவில்லை. ஆனால் எட்டு என்று யாரும் சொன்னதே இல்லை, "கேன்சர் வரும்" என்றுதான் சொன்னார்கள். 2025 நவம்பரில் அமெரிக்க எஃப்.டி.ஏ. இந்த மருந்துகளின் மேல் கறுப்புக் கட்டத்தில் அச்சிட்டிருந்த எச்சரிக்கைகளை நீக்கப்போவதாக அறிவித்தது. ஒன்றை மட்டும் நீக்கவில்லை: ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுத்தால் கர்ப்பப்பை உட்சவ்வில் புற்றுநோய் வரலாம் என்பதை. காயில் காவல் நிற்பது அந்த ஆபத்துக்கு எதிராகத்தான்.

காயில் முற்றிலும் ஆபத்தற்றதா என்றால், இல்லை. டென்மார்க்கில் ஐம்பது வயதுக்குக் கீழ் கருத்தடைக்காக இதை வைத்துக்கொண்ட பெண்களைப் பற்றி 2024-ல் வந்த ஆய்வில், முதல் ஐந்து வருடத்தில் பத்தாயிரம் பேருக்கு 14 பேர் வீதம் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் கண்டது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு இந்தக் காயில் ஆகாது என்பதும் பழைய விதிதான். இதையெல்லாம் சொல்லித்தான் வைக்க வேண்டும். ஆனால் இந்தப் பயத்தைச் சொல்லும் அதே வீடுகளில் வேறொரு காட்சியையும் பார்க்கிறேன். பெண்ணின் கல்யாணம், கிருகப்பிரவேசம், கோயில் கும்பாபிஷேகம் என்றால் மெடிக்கல் ஷாப்பில் சீட்டுகூட இல்லாமல் 'தள்ளிப்போடுகிற மாத்திரை' வாங்கி வருகிறார்கள். அது நாரெதிஸ்டிரோன், ஒன்று 5 மில்லிகிராம், தினம் மூன்று. நாளைக்கு 15,000 மைக்ரோகிராம். வேறு மருந்து, வேறு வீரியம், எண்களை அப்படியே நிறுத்துப் பார்க்க முடியாது என்பது தெரியும். இருந்தாலும் அந்த அளவில் அது உடம்புக்குள் ஒரு பங்கு வலுவான ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது என்று கேட்டால் எத்தனை மாமிகள் அதிர்ந்துபோவார்கள்! பண்டிகைக்கு என்றால் ஹார்மோன் மருந்து. பெண்ணின் தூக்கத்துக்கு என்றால் விஷம்.

அறுவை சிகிச்சைத் தரப்பிடம் ஒரு வலுவான வாதம் உண்டு. பொதுவாக அதை அவர்கள் சொல்வதில்லை, நானே சொல்கிறேன். கர்ப்பப்பை இல்லாவிட்டால் காவல் மருந்தே தேவையில்லை. ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். அந்த அமெரிக்க ஆய்வின் மறுபாதியில், கர்ப்பப்பை இல்லாத பெண்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்தபோது மார்பகப் புற்றுநோய் கூடவில்லை, நாளடைவில் குறைவாகவே இருந்தது. ஆக, எடுத்துவிட்டால் எச்.ஆர்.டி. எளிதாகவும் பாதுகாப்பாகவும் ஆகிவிடும் அல்லவா? ஆனால் அந்த ஆய்வில் இருந்த பெண்கள் வேறு காரணங்களுக்காக முன்பே கர்ப்பப்பையை இழந்தவர்கள். மருந்துச்சீட்டில் ஒரு வரி குறையட்டும் என்பதற்காக யாரும் அவர்களை மேசையில் படுக்கவைக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் மயக்கமருந்து, சர்க்கரையோடு ஆறாத புண், கால் நரம்பில் ரத்தக்கட்டு, பல வார ஓய்வு, பின்னாளில் இருமினால் சிறுநீர் கசிவு: இதெல்லாம் அந்த ஒரு வரிக்கு விலை என்றால், மருந்தை எளிதாக்கியதாக எப்படிச் சொல்வது? "வயித்தைத் திறக்கிறோம், அப்படியே சினைப்பையையும் எடுத்துடறோம்" என்பது கூடவே வரும் இலவச இணைப்பு. அமெரிக்க நர்ஸ்களை நெடுங்காலம் தொடர்ந்து கவனித்து 2009-ல் வெளியான ஆய்வில், கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துக்கொண்டதால் எந்த வயதுப் பிரிவிலும் ஆயுள் கூடியதாகத் தெரியவில்லை.

"காயில் வைத்தாலும் கடைசியில் எடுக்கத்தான் போறோம்" என்பார்கள். இதைச் சோதித்துப் பார்த்தவர்களும் பின்லாந்துக்காரர்களே. அதிக ரத்தப்போக்கு உள்ள 236 பெண்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு பாதிக்குக் காயில், மறுபாதிக்குக் கர்ப்பப்பை அகற்றம். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால், காயில் வைத்தவர்களில் 42 சதவீதம் பேர் பிறகு அறுவை சிகிச்சைக்குப் போயிருந்தார்கள். எதிர்த்தரப்பு இந்த எண்ணைச் சந்தோஷமாகச் சொல்லும். மீதி 58 சதவீதம் பேர் கத்தியே படாமல் தப்பித்தார்கள், வாழ்க்கைத் தரத்தில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை, செலவும் காயில் பக்கம் குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர்களோ மாதவிலக்கு நிற்காத, கடும் உதிரப்போக்கு உள்ள பெண்கள். மாதவிலக்கு நின்று, எச்.ஆர்.டி.யால் லேசாகக் கறைபடும் பெண்ணின் உட்சவ்வு அவ்வளவு முரண்டு பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை.

வைக்கும்போது வலிக்கும். மாதவிலக்கு நின்றபின் கர்ப்பப்பை வாய் இறுகிச் சுருங்கிவிடுகிறது. "எறும்பு கடிச்சா மாதிரி இருக்கும்" என்று சொல்லி உட்காரவைப்பது அயோக்கியத்தனம். மரத்துப்போகும் ஊசி போடலாம். எப்படியும் ஹிஸ்டரோஸ்கோப்பிக்கு மயக்கம் கொடுக்கப்போகிறார்கள் என்றால், உள்ளே பார்த்தது சுத்தமாக இருக்கும்போது அதே மேசையில் வைத்துவிடும் டாக்டர்கள் இருக்கிறார்கள். பயாப்ஸி முடிவு வேறாக வந்தால் நூலைப் பிடித்து இழுத்து எடுத்துவிடலாம். அறுத்து எடுத்ததை அப்படித் திருப்பி வைக்க முடியாது. முதல் சில மாதங்கள் கறை விட்டுவிட்டு வரும். இதை முன்கூட்டியே சொல்லாததால்தான் பலர் ஆறு வாரத்தில் "எடுத்துடுங்க டாக்டர்" என்று வந்து நிற்கிறார்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கருத்தடைக்கு எட்டு வருடம் என்று அமெரிக்கப் பெட்டியில் இருப்பதை இங்கே பொருத்திப் பார்க்கக் கூடாது. ரத்தம் முழுக்க நின்று, பிறகு மறுபடி வந்தால், காயில் இருக்கிறதே என்று சும்மா இருக்கக் கூடாது. மறுபடியும் ஸ்கேனிலிருந்து தொடங்க வேண்டும்.

கர்ப்பப்பையைத் தேவையில்லாமல் எடுப்பது பற்றி இந்த நாட்டில் பேசாமல் இல்லை. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் தனியார் மருத்துவமனைகளில் நடந்தவற்றை முன்வைத்து டாக்டர் நரேந்திர குப்தா 2013-ல் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரல் 5-ல் தீர்ப்பளித்தது. மத்திய சுகாதார அமைச்சகம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலை மூன்று மாதத்துக்குள் எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்றது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் ஆயிரக்கணக்கில் கர்ப்பப்பையை இழந்த கதை 2019-ல் நாடு முழுக்கப் பேசப்பட்டது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்த அறுவை சிகிச்சைகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு தனியார் இடங்களில் நடக்கிறது. பாதிக்கு மேல் சொல்லப்படும் காரணம் ரத்தப்போக்கு. ஆனால் அந்தக் கணக்கெடுப்பு 49 வயதோடு நின்றுவிடுகிறது. வழக்கிலும் விவாதத்திலும் முன்னால் நின்றவர்கள் இளம் வயது ஏழைப் பெண்கள், நின்றது நியாயம்தான். அதனால் விளைந்த ஒரு நினைப்புத்தான் எனக்கு உறுத்துகிறது: நாற்பதுக்குக் கீழே எடுத்தால் அநியாயம், ஐம்பதுக்கு மேலே எடுத்தால் சிகிச்சை. படித்த, இன்ஷூரன்ஸ் அட்டை வைத்திருக்கிற, தேவநாதன் தெருவிலோ செயின்ட் மேரீஸ் ரோட்டிலோ குடியிருக்கிற பெண்ணிடம் வற்புறுத்தல் பணிவாக, ஏ.சி. அறையில் நடக்கிறது. "உங்க இஷ்டம்தான் மேடம், ஆனா ரிஸ்க் எதுக்கு?"

இன்ஷூரன்ஸ் என்றதும் காசுக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். நம் பாலிசிகளில் பெரும்பாலானவை மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தரும். கர்ப்பப்பை அகற்றம் என்றால் கேஷ்லெஸ், தனி அறை, எல்லாம் உண்டு. வெளிநோயாளியாக வந்து காயில் வைத்துக்கொண்டு மதியம் வீடு திரும்பினால், அந்தச் சில ஆயிரம் ரூபாய் கைக்காசு. பெரிய செலவு இலவசமாகவும் சின்னச் செலவு பாரமாகவும் ஆகிப்போன இந்த ஏற்பாட்டில், எதைப் 'பரிந்துரைப்பது' லாபம் என்று நர்சிங் ஹோமுக்குத் தெரியும். குடும்பத்துக்கும் தெரியும்.

கஷ்டப்படுகிறவர்களுக்கோ அந்தச் சில ஆயிரமும் எட்டாது. திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியும் எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையும் காப்பர்-டியை இலவசமாக வைக்கின்றன, ஏனென்றால் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் அதற்குப் பணம் தருகிறது. 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் காயில் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. கருத்தடைச் சாதனங்கள் என்ற தலைப்பின் கீழ். அதை ரத்தப்போக்குக்கான மருந்தாகவும், எச்.ஆர்.டி.யின் பகுதியாகவும் அதே பட்டியலில் இன்னோர் இடத்தில் எழுத ஒரு குழு கூடினால் போதும். மாநில அரசின் மருத்துவச் சேவைக் கழகம் அதை மகளிர் மருத்துவமனைகளுக்கு வாங்கலாம். இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் இதற்கு ஒருநாள் சிகிச்சை என்ற வகையில் பணம் தரச் சொல்லலாம். மாதவிலக்கு நின்ற பெண்ணுக்குக் கர்ப்பப்பை அகற்ற முன்அனுமதி கேட்டு வரும் படிவத்தில், பயாப்ஸி முடிவு என்ன, காயில் பற்றி நோயாளியிடம் பேசப்பட்டதா, வேண்டாம் என்றால் ஏன் என்று மூன்று கட்டங்களைச் சேர்ப்பதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை.